ஒரு குழி உள்ள போன்

"மக்கா, இதுல ஒரு குழிதான் உண்டு" என்றாள் அம்மா.

ஜப்பானில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வீடியோவில் அம்மாவின் முகம் தெரியவில்லை, விரல்தான் தெரிந்தது. விரல் நுனியில், புதிய போனிலிருந்து உருவியெடுத்த சிம் தட்டு. அதில் ஒரு சிம்முக்கு மட்டுமே இடம் இருந்தது.

"செரியா பாரும்மா. அடியில இன்னொண்ணு இருக்கும்."

"அடியிலயும் பாத்தேன், மேலயும் பாத்தேன். கண்ணாடி போட்டும் பாத்தேன். ஒண்ணுதானாக்கும்."

அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து ஜித்தின் தலையை நீட்டினான். அவன் என் அறைத் தோழன், தனுவச்சபுரத்துக்காரன். விடுமுறைக்கு ஊருக்குப் போனவனிடம்தான் அம்மாவுக்கான போனைக் கொடுத்தனுப்பியிருந்தேன். அவன் தன் போனைத் தூக்கிக் காட்டினான்.

"எலே நிஜினு, எனக்கதும் இதே போன்தானே. நெய்யாற்றின்கரையில வாங்கினது. பேரும் ஒண்ணு, நெறமும் ஒண்ணு. எனக்கதுல ரெண்டு குழி உண்டு. இதுக்கு மட்டும் என்ன வந்துது?"

எனக்கும் அதுதான் விளங்கவில்லை. ஜித்தினின் போனைப் பார்த்துத்தான், அதே பெயர் போட்ட போனை இங்கே பழைய போன் விற்கும் கடையில் தேடி வாங்கினேன். இரண்டு சிம்மும் கொள்ளும் என்று அம்மாவிடம் உறுதி சொன்னதும் நான்தான்.

இரண்டு சிம் எங்கள் பக்கத்தில் ஆடம்பரமில்லை. கேரளத்து எல்லையிலிருக்கும் இஞ்சிவிளையில், எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு. கேரளத்தில் எடுத்த சிம்முக்கு முன்வாசலில்தான் சிக்னல். தமிழ்நாட்டில் எடுத்தது வேறு கம்பெனி. அதற்கு அடுக்களைக்குப் பின்னால் கிணற்றடி. அப்பாவின் பென்ஷன், பேங்க், கேஸ் எல்லாம் கேரள நம்பரில். அம்மாவின் பிறந்த வீட்டார், படந்தாலுமூட்டுச் சொந்தங்கள் எல்லாருக்கும் தெரிந்தது தமிழ்நாட்டு நம்பர். ஒன்றை விட்டு ஒன்றை வைத்துக்கொள்வது அங்கே யாருக்கும் தோன்றாது.

எங்கள் வீட்டில் தமிழ்நாட்டு நம்பருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அது அப்பாவின் சட்டைகளில் தைக்கப்பட்டிருந்தது.

அப்பா ராபின்சன், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் மறதி தொடங்கியது. முதலில் பெயர்கள் போயின, பிறகு வீட்டின் வழி போயிற்று, பிறகு நான். பஸ் மட்டும் போகவில்லை. கதவு திறந்து கிடந்தால் ரோட்டுக்குப் போய்விடுவார். வருகிற பஸ்ஸில் ஏறிவிடுவார். பாறசாலைப் பக்கத்துப் பஸ்காரர்களுக்கு அவரைத் தெரியும். யாராவது டிப்போவில் இறக்கி, பெஞ்சில் இருத்திவிட்டு ஆள் அனுப்புவார்கள். ஆனால் அவர் சில நேரம் களியக்காவிளைக்குப் போய், அங்கிருந்து தமிழ்நாட்டு பஸ்ஸில் ஏறுவார். அந்தப் பக்கம் அவரை யாருக்கும் தெரியாது. அதனால் அம்மா தங்கபாய், அவருடைய ஒவ்வொரு சட்டையிலும் பாக்கெட்டுக்கு மேலே, சிவப்பு நூலால் தன் போன் நம்பரைக் கையால் தைத்து வைத்தாள். அப்போது அவளிடமிருந்தது தமிழ்நாட்டு சிம் மட்டும்தான்.

அந்த நம்பர் இரண்டு தடவை அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

அன்று மாலையே ஸ்ரீஜித்தை அழைத்தேன். என்னோடு படித்தவன், பாறசாலை ஜங்ஷனில் மொபைல் கடை வைத்திருக்கிறான். நான் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டான்.

"பெட்டியில மாடல் நம்பர் பாத்தியா? வாலுல ஒரு எழுத்து கூடுதல் கெடக்கும்."

"பாக்கல்ல. போனுக்க பேரு ஒண்ணுதானே?"

"பேரு ஒண்ணுதான். உள்ள வேற. அங்க போன ஆருலே விக்கியா? போன் கம்பெனியா, சிம் கம்பெனியா?"

"சிம் கம்பெனிக்க கடையிலதான் எல்லாரும் வாங்குவாங்க. மாசா மாசம் பில்லோட சேத்து அடைப்பாங்க."

"அப்ப அவனாக்கும் முதலாளி. லட்சக்கணக்குல ஆர்டர் போடுகவன் அவன். 'எனக்க டவருக்கு உள்ளது மட்டும் போரும், போன தொறந்தா எனக்க பேரு தெரியணும், அடுத்தவனுக்க சிம்ம வைக்க எடம் வேண்டாம்' ம்பான். போன் கம்பெனிக்கு எந்தா நஷ்டம்? அவனுக்கு ஒரு மாதிரி, இவனுக்கு ஒரு மாதிரி, அதே ஒடம்புல செஞ்சு குடுப்பான். பாலராமபுரத்துல பாத்ததில்லியா? ஒரே தறியில நாலு கடைக்கு முண்டு நெய்வான். ஒரு கடைக்காரன் கரை தடியா வேணும்பான், ஒருத்தன் கசவுச் சரிகையே வேண்டாம்பான். துணி ஒண்ணு, கரை வேற."

"அப்ப ஜித்தினுக்கது?"

"இங்க போன ஒரு கடையில வாங்குவோம், சிம்ம வேற கடையில வாங்குவோம். ரெண்டு சிம் இல்லாத போன நம்ம நாட்டுல ஒரு மனுசன் தொடுவானா? அதனால நமக்கு ரெண்டு குழி. நீ ஜப்பான்காரனுக்கு வெட்டின சட்டைய அம்மைக்கு அனுப்பியிருக்கே. அளவு எப்பிடிலே சேரும்?"

"மாத்த வழி உண்டா?"

"ஆணியும் சுத்தியலும் வச்சு இன்னொரு குழி தோண்டவா?" என்றான். பிறகு குரலைத் தணித்தான். "எலே, வெசனப்படாதே. ஒரு பட்டன் போன் தாறேன். அந்த சிம்ம அதுல போட்டு மாமி கையில குடுக்கேன். அவ்வளவுதானே."

அம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை.

"எதுக்கு ரெண்டு போனு? ஒண்ணையே சார்ஜ் போட மறந்துபோவுது. இந்த மனுசன நோக்குவேனா, ரெண்டு போன நோக்குவேனா? சட்டையில நம்பர மாத்தித் தச்சா தீந்துது."

அவள் கேரள சிம்மைப் புதிய போனில் போட்டாள். பென்ஷன் வருவதும் நான் அழைப்பதும் அதில்தான். பழைய போனின் பேட்டரி வீங்கி, பின்மூடியை ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருந்தாள். அதை இனிமேல் சார்ஜில் போடக்கூடாது என்று ஸ்ரீஜித் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். தமிழ்நாட்டு சிம் ஊசியும் நூலும் வைக்கும் தகரப் பெட்டிக்குள் போயிற்று.

புதிய போனில் படம் எடுத்தால் 'கிளிக்' என்று பெரிய சத்தம் வரும். ஜப்பானில் விற்கும் போன்களில் அதை நிறுத்த முடியாது. அம்மாவுக்கு அது பெரிய தொந்தரவு. முதல் ஞாயிறு, சபையில் பாட்டுக்குழுவைப் படம் எடுக்கப்போய், ஜெபத்தின் நடுவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம். வீட்டில் அப்பா தூங்கும்போது எடுத்தால், அந்தச் சத்தத்துக்கு அவர் கண்ணைத் திறக்காமலே வலது கையை உயர்த்தி எதையோ இரண்டு தடவை இழுப்பாராம்.

"டபிள் பெல் அடிக்காரு" என்று அம்மா சிரித்தாள். "இப்ப நம்ம வீடு பொறப்பட்டாச்சு."

எங்கள் பக்கத்து பஸ்களில் கூரையை ஒட்டி ஒரு மணிக்கயிறு ஓடும். கண்டக்டர் ஒருமுறை இழுத்தால் வண்டி நிற்கும், இரண்டு முறை இழுத்தால் போகும். அந்தப் பக்கம் தமிழ்நாட்டு பஸ்ஸில் கயிறு கிடையாது, விசில்தான். அப்பாவின் கை முப்பது வருடம் அந்தக் கயிற்றில் கிடந்தது.

நான் தினமும் கேட்பேன். வெந்நீரிலும் கிருமிநாசினியிலும் என் விரல் நுனிகள் வெடித்திருந்தன, டைப் செய்தால் எரியும். அதனால் போனிடம் பேசுவேன், அது எழுதிக்கொள்ளும். அம்மா வாசித்துவிட்டுக் குரலில் பதில் அனுப்புவாள்.

"அம்மா எத்தன சட்ட மாத்தினே?"

"நீலம் ஆச்சு. கட்டம் போட்டது ஆச்சு. சபைக்குப் போடுகது ஆச்சு."

"மத்தது?"

"எனக்கு வேற வேல இல்லியா மக்கா? கண்ணும் புடிக்கல்ல. ஒவ்வொண்ணாட்டு செய்யேன்."

இங்கே நான் பார்க்கும் முதியவர்களில், வெளியே போய்விடும் பழக்கமுள்ளவர்களுக்கு ஷூவுக்குள் சிறிய கருவி வைத்திருப்பார்கள். வாசலைத் தாண்டினால் எங்கள் கையிலிருக்கும் போன் ஒலிக்கும். ஓடிப்போய் அந்தக் கிழவரின் கையைப் பிடிக்கும்போது, மனதில் கணக்கெடுப்பது அப்பாவின் சட்டைகளைத்தான்.

"காக்கி மாத்தினியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காக்கி அலமாரியில அடியிலயாக்கும் கெடக்கு. அத ஆரு இடப்போறா? அத கண்டா மனுசனுக்குப் பிராந்து புடிக்கும். வெளிய எடுக்கவே மாட்டேன்."

அது உண்மைதான். அப்பாவின் பழைய யூனிஃபார்ம் சட்டை அது. அதைப் போட்டால் அவர் நிமிர்ந்துவிடுவார், நடை மாறிவிடும், பஸ்காரர்களும் வேலைக்குப் போகிற ஆள் என்று நினைத்து ஏற்றிக்கொள்வார்கள். அதனால் அம்மா அதைத் துணிகளுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தாள்.

ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அலமாரி பூட்டில்லாதது. மறுநாளும் பேசி அனுப்பினேன். அதற்கடுத்த நாளும்.

"அதையும் மாத்தும்மா. ஒண்ணு பாக்கி இருந்தா எல்லாம் பாக்கி இருந்த மாதிரிதான்."

"செரிலே, மாத்துகேன். நீ ஒரு வாத்தியாரு."

அந்தச் செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் வீட்டுக்கு அழைத்தேன். அங்கே காலை வெயில். அம்மா போனை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். பழைய போனில் சொந்தக்காரர்களோடு கிணற்றடியில் நின்று பேசுவாள், அப்பாவும் அங்கே கல்லில் உட்கார்ந்திருப்பார். இந்த போனுக்கு முன்வாசல்தான்.

"காக்கி?"

"அதத்தான் எடுத்துப் போட்டிருக்கேன். ஊசியில நூலு கோத்து பாக்கெட்டுல குத்தி வச்சேன், ஒனக்க போன் வந்துது. பழைய நூல பிரிக்கணும், அது ஒரு பாடு."

"அப்பா?"

"உள்ள கெடக்காரு. காப்பி குடிச்சாரு. இட்லி நல்லாயிருக்குண்ணு சொன்னாரு. அது புட்டாக்கும்."

இருவரும் சிரித்தோம். பிறகு என் கையைக் காட்டச் சொன்னாள், வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தேய்க்கச் சொன்னாள், ஜித்தின் கொண்டுவரப்போகும் பலகாரத்தைப் பற்றிப் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், இடைவேளையில் பெரும்பகுதி போனது தெரியவில்லை. அவள் பேசிக்கொண்டே உள்ளே போனாள். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. வீடியோவில் கட்டிலும் சுவரும் ஆடின.

"மக்கா."

"என்னம்மா?"

"காக்கி இல்ல."

அடுக்களைக் கதவு திறந்து கிடந்தது. அதற்கப்பால் கிணறு, ரப்பர் மரங்கள், ஒற்றையடிப் பாதை, ரோடு.

நான் ஸ்ரீஜித்தை அழைத்தேன். அவன் கடையை அப்படியே போட்டுவிட்டு பைக்கை எடுத்தான். அப்பா வழக்கமாகப் போய் உட்காரும் டிப்போ பெஞ்சைத்தான் அவன் முதலில் பார்த்தான். அங்கே இல்லை. அம்மா செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினாள். அவள் கையில் போன், போனில் நான். ரோட்டோரத்தில் பழம் விற்கும் விஜயம்மாவின் குரல் கேட்டது.

"ராபின்சன் சாரு அப்பவே போனாரே. தெக்கோட்டு போற பஸ்ஸுல கேறினாரு. காக்கி போட்டிருந்தாரு. 'மறுபடியும் ட்யூட்டியில கேறியோ சாரே'ண்ணு கேட்டேன். 'சில்லற எடுத்து வையி'ண்ணு பறஞ்சிட்டு போனாரு."

தெற்கே என்றால் களியக்காவிளை. களியக்காவிளை என்றால் அதற்கப்பால்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காக்கியில் இருப்பது பழைய நம்பர். யாராவது அவரைப் பார்த்து, பாக்கெட்டுக்கு மேலே சிவப்பு நூலை வாசித்து, அழைத்தால், தகரப் பெட்டிக்குள் கிடக்கும் சிம்முக்குத்தான் அந்த அழைப்பு போகும்.

"அம்மா, வீட்டுக்கு ஓடு. அந்த சிம்ம எடுத்து இதுல போடு."

"இதுலயா? அப்ப இத எடுக்கணுமே."

"எடு."

"எடுத்தா நீ?"

அந்த சிம்மில் பேசுவதற்கு மட்டும்தான் ரீசார்ஜ் இருந்தது, இன்டர்நெட் இல்லை. அதைப் போட்டால் வாட்ஸ்அப் போய்விடும். நானும் போய்விடுவேன்.

"எங்கிட்ட பின்ன பேசலாம். நீ எடு."

பெட்டியைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. பொத்தான்கள் தரையில் உருண்டன.

"சிம் கிட்டிச்சு. தட்ட வெளிய எடுக்க ஊசி வேணும். ஊசி காக்கியிலயாக்கும் இருக்கு."

"வேற ஊசி?"

"எல்லாம் செதறிக் கெடக்கு மக்கா. ஒண்ணும் காணல்ல."

"ஊக்கு உண்டா? செயினுல?"

"உண்டு. தாலிச் செயினுல உண்டு."

"போனுக்க ஓரத்துல ஒரு துவாரம் உண்டுல்லா, அதுல நேரே குத்து. சரிச்சுக் குத்தாதே. அமத்து."

"அமத்தியேன். வரல்ல."

"இன்னும் அமத்து."

"வந்துது" என்றாள். படம் நின்றது.

அதற்குப் பிறகு நான் பேசி அனுப்பியவை எல்லாம் ஒற்றை டிக்கில் நின்றன. அம்மா போட்டாச்சா. அம்மா ஆரெங்கிலும் விளிச்சாங்களா. அம்மா. ஒன்றன்கீழ் ஒன்றாக, சாம்பல் நிறத்தில். தமிழ்நாட்டு நம்பருக்கு நேரடியாக அழைக்கலாம். மூன்று தடவை அதை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். நான் அழைக்கும் நேரத்தில் அவரைக் கண்டெடுத்தவர் அழைத்தால், லைன் பிஸி என்று வைத்துவிட்டுப் போய்விட்டால்?

ஸ்ரீஜித்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பைக்கில் போகிறவன் எடுக்கமாட்டான்.

இடைவேளை முடிந்துவிட்டது. கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு முதியவருக்கு சூப் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் வாயைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, யார் நீ என்று மரியாதையாகக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் பெயரைச் சொன்னேன். மேல்சட்டைப் பைக்குள் போன் இருந்தது. அது அசையவில்லை.

நடந்ததை ஸ்ரீஜித்தான் பிறகு சொன்னான்.

அம்மா சிம்மை மாற்றிப் போட்டதும் போன் அணைந்து எழுந்து, கொஞ்ச நேரம் அந்த சிம் கம்பெனிப் பெயரைக் காட்டிக்கொண்டு நின்றதாம். அதைத் திறக்கும்போதெல்லாம் வரும் ஜப்பானியப் பெயர். பிறகு சிக்னல் இல்லை. அம்மா கிணற்றடிக்கு ஓடினாள். அங்கே நின்றதும் மெசேஜ்கள் வரிசையாக விழுந்தன. சிம் பெட்டிக்குள் கிடந்தபோது வந்த அழைப்புகள். அன்று காலை வந்தவை எல்லாம் ஒரே நம்பர். முதல் அழைப்பு, அம்மா செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்திலேயே வந்திருக்கிறது.

அவள் அந்த நம்பரை அழைத்தாள். குழித்துறையில் டீக்கடை வைத்திருக்கும் ராஜன் என்பவர் எடுத்தார்.

"எத்தன தடவ விளிச்சேன் தெரியுமா? போன அணைச்சு வச்சிட்டு எதுக்கு நம்பர தச்சு விட்டியோ?"

"எனக்க மாப்பிள எங்கண்ணே?"

ராஜனின் குரல் மாறிவிட்டதாம்.

தமிழ்நாட்டு பஸ்ஸில் அப்பா ஆட்களிடம் டிக்கெட் கேட்டிருக்கிறார். அந்தக் கண்டக்டர் இளைஞன். முதலில் விளையாட்டு என்று நினைத்திருக்கிறான். பிறகு குழித்துறையில் இறக்கிவிட்டான். ராஜன் சிவப்பு நூலைப் பார்த்திருக்கிறார். பாக்கெட்டைத் தொட்டபோது ஊசி விரலில் குத்தியதாம். பெஞ்சில் உட்காரவைத்து, டீ கொடுத்து, அழைத்திருக்கிறார். திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறார்.

"நல்ல மனுசன். டீ குடிச்சிட்டு எனக்கு பாக்கி சில்லற தரணும்ணு பையில தப்பித் தேடினாரு. இல்லாண்ணதும் என்னையே ஏசினாரு, 'காலையில சில்லற இல்லாம கடை தொறப்பியா'ண்ணு. நான் சிரிச்சிட்டு உள்ள பால் வைக்கப் போனேன். ஒரு பஸ் வந்து நின்னுது. இவரு ஓடிப்போயி படியில கேறினாரு."

பஸ் நகர்ந்தது. அப்பா படியில் நின்றுகொண்டு ஒரு கையை மேலே உயர்த்தி எதையோ தேடினாராம். பிடித்திருந்த கையையும் விட்டுவிட்டு இரண்டு கையாலும் தேடினார். கடைவாசலில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், அவர் என்ன தேடுகிறார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் அங்கே நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

"விழுந்தவர இப்பதான் ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோனாங்கம்மா. நெனவு உண்டு. கால்தான்."

இடுப்பு எலும்பு. ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டியது, அது இறங்க ஒரு மாதம் ஆயிற்று. இனி எழுந்து நடப்பது சிரமம் என்று டாக்டர் சொன்னார். எழுந்து நடக்கச் சொல்லிக்கொடுத்தால் அதை நினைவில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்றும் சொன்னார். எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை.

அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைவிட ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் பேசி அனுப்புவேன், பேசியதை அழிப்பேன், மறுபடி பேசுவேன். 'காக்கிய எடுக்கச் சொன்னது நான்தானே' என்று ஒரு தடவை போன் எழுதிவிட்டது. அழிப்பதற்குள் போய்விட்டது. நீல நிறத்தில் இரண்டு டிக் விழுந்தன. பிறகு அம்மாவின் குரல் வந்தது.

"கையில எண்ண போட்டியா?"

ஸ்ரீஜித் இரண்டு குழி உள்ள போன் ஒன்றை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான். ஜப்பான் போனை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றான்.

"அது கெடக்கட்டு" என்றாள் அம்மா. "எனக்க மோன் வாங்கித் தந்ததாக்கும்."

"அதுல சிம் ஒண்ணும் இல்லியே மாமி. பின்ன எதுக்கு?"

"படம் எடுக்கலாம்லா?"

இப்போது அவள் அப்பாவை எப்போதாவது படம் எடுத்து எனக்கு அனுப்புகிறாள். ஒவ்வொரு படத்திலும் அப்பாவின் வலது கை சற்று மங்கலாக இருக்கும். அந்தச் சத்தத்துக்கு அது அசைந்துவிடுகிறது.

போன வாரம் வீடியோவில் அழைத்தேன். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். மடியில் காக்கிச் சட்டை. ஆஸ்பத்திரியில் கத்தரித்து எடுத்த தோள்பகுதியை ஒட்டுப்போட்டிருந்தாள். பாக்கெட்டுக்கு மேலே பழைய நம்பர் அப்படியே இருந்தது. அதன்கீழே புதிய நம்பரைத் தைத்துக்கொண்டிருந்தாள். கொடியில் மற்ற சட்டைகள் தொங்கின. எல்லாவற்றிலும் இரண்டு வரி சிவப்பு நூல்.

"இனி எதுக்கம்மா?" என்றேன். "டாக்டர் சொன்னாருல்லா."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எழும்பி நடந்தாரெங்கி?"

நான் கொடியில் தொங்கிய சட்டைகளை எண்ணினேன்.

"கதவ தொறந்து போட்டுத்தான் வச்சிருக்கேன். பின்வாசலும் தொறந்து கெடக்கு. எழும்பி ஓடிப்போனாரெங்கி, அப்ப நம்பர் வேண்டாமா?" அவள் சட்டையைக் கேமராவுக்கு நேரே பிடித்தாள். முகம் மறைந்துவிட்டது. "எனக்கு கண்ணு புடிக்கல்ல மக்கா. செரியா இருக்கா, ஒவ்வொண்ணாட்டு வாசி."

நான் வாசித்தேன். சட்டையின் ஓரத்துக்கு அப்பால், தலையணையிலிருந்து ஒரு கை மெல்ல எழுந்து மேலே வந்தது. காற்றில் விரல்களை விரித்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் துழாவியது.

"நிறுத்தாதே" என்றாள் அம்மா, சட்டைக்குப் பின்னாலிருந்து. "அடுத்தது வாசி."